மரத்துக்கு விலை சொல்லுமுன் அளப்பவர் யார்?

வன்னியில் ஒரு காணித்துண்டு கைமாறுவதென்றால் நொத்தாரிசிடம் போகிறோம். எல்லை பார்க்க நில அளவையாளரைக் கூப்பிடுகிறோம். கிணறு வெட்டுவதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவரைக்கூடத் தேடிப் பிடித்து அழைத்து வருகிறோம். அதே காணியில் முப்பது நாற்பது ஆண்டுகளாக நின்று பெருத்த தேக்கை விற்கும்போது மட்டும், படலையில் வந்து நின்ற முதல் வியாபாரியின் கண்மதிப்பே அளவாகவும் விலையாகவும் ஆகிவிடுகிறது. மரம் விற்பவர் தமக்கென்று ஓர் ஆலோசகரைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டுமா என்று உறவினர் சிலர் அண்மைக் காலத்தில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் வனவியல் படித்தவன் அல்லன். குடும்பக் காணிகளின் கடதாசி வேலைகள் என் தலையில் விழுந்தமையால், ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கங்களில் நடந்த சில மர விற்பனைகளை அருகிலிருந்து பார்க்க வாய்த்தது. அந்த அளவில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் வேண்டும், ஆனால் எல்லாருக்கும் வேண்டியதில்லை, எந்த ஆலோசகரும் சரிவரமாட்டார். "இப்போது விற்காதீர்கள்" என்று சொன்னாலும் தம் கூலி குறையாது என்ற நிலையில் இருக்கும் ஒருவர் கிடைத்தால் அவரை அமர்த்தலாம். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், ஓர் அளவுநாடாவும் கொப்பியும் வாங்கிக்கொண்டு வீட்டில் உள்ளவர்களே அந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

மர விற்பனையில் இரண்டு பக்கமும் ஒரே தரையில் நிற்பதில்லை. வாங்குபவருக்கு அது அன்றாடத் தொழில். எந்த மரக்காலை, அதாவது மரம் வாங்கி விற்கும் இடம், இப்போது எந்தச் சுற்றளவுக்கு என்ன விலை கொடுக்கிறது, யாழ்ப்பாணத்தில் எந்தத் தச்சுப் பட்டறைக்குக் கதவு நிலைக்கு மரம் தேவை, லொறி வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு நாவின் நுனியில் இருக்கும். விற்பவரோ ஆயுளில் ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை விற்பவர். அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குக் கூரை போட, பிள்ளையின் கலியாணத்துக்கு, வெளிநாட்டுப் பயணத்துக்கு முகவர் கேட்கும் தொகையைக் கட்ட என்று கால அவகாசம் இல்லாத வேளையில் விற்பவர். வியாபாரி கெட்டவராக இருக்கவேண்டிய தேவை இங்கே இல்லை. நேர்மையான வியாபாரியும் தம் பக்கத்துக்கே கணக்குப் பார்ப்பார். உங்கள் பக்கத்துக்குக் கணக்குப் பார்ப்பது அவருடைய வேலை அன்று.

வன்னியில் இந்த ஏற்றத்தாழ்வு மேலும் கூடியிருப்பதற்கு எங்கள் வரலாறும் ஒரு காரணம். 1950களில் தொடங்கி வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு முதலான இடங்களில் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்கள் வயலைத் திருத்தியதோடு நிற்காமல், மேட்டுக்காணியிலும் வேலியோரத்திலும் தேக்கும் வேம்பும் வைத்தார்கள். பிறகு இடப்பெயர்வுகள் வந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாம்களில் இருந்து விடப்பட்டு, காணிக்குத் திரும்பியபோது பலருக்கு வீடு இருக்கவில்லை. சிலருக்கு மரம் மட்டும் இருந்தது. சிலருக்கு அதுவும் இருக்கவில்லை. ஆளில்லாத காலத்தில் தன்பாட்டில் வளர்ந்த மரத்தை எப்போது வைத்தார்கள், எத்தனை வைத்தார்கள், எத்தனை காணாமற்போயின என்று சொல்லக்கூடியவர் இறந்துவிட்டார். உரித்தாளிகள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். தன் காணியில் எத்தனை மரம் நிற்கிறது என்று தெரியாதவர், அதை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தவரோடு விலை பேசுகிறார்.

வழமையான பேரம் எப்படி நடக்கும் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். தரகர் ஒருவர் முன்கூட்டி வந்து காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். அடுத்த தடவை வியாபாரியோடு வருவார். வியாபாரி ஒவ்வொரு மரமாகக் கையால் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, "அம்மா, உதுகளிலை பாதி கோறை. வெட்டினாப் பிறகுதான் தெரியும். நான் மொத்தமா ஒரு விலை சொல்லுறன், நட்டம் வந்தாலும் உங்களிட்டைத் திரும்பி வரமாட்டன்" என்பார். கேட்பவருக்கு இது பெருந்தன்மையாகவே படும். உண்மையில் அவர் செய்வது, மரம் கோறையாக, அதாவது உள்ளே பொந்தாக, இருந்தால் வரக்கூடிய நட்டம் முழுவதையும் விலையில் முன்கூட்டியே கழித்துவிட்டு, மரம் நல்லதாக இருந்தால் வரும் இலாபம் முழுவதையும் தமக்கே வைத்துக்கொள்வதாகும். ஒரு காணியில் நிற்கும் எல்லா மரமும் கோறையாக இருப்பதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு கழிவும் உண்டு. மரத்துக்குள் செல் துண்டும் சன்னமும் இருக்கும், அரியும்போது வாள் உடையும் என்ற காரணம் அது. இது பொய்யான காரணம் அன்று. இறுதிப் போர் நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள் இரும்பு கிடக்கிறது. மரம் அரியும் வாளின் பல் அதில் பட்டால் வாள் வீணாவதோடு அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. ஆனால் அந்த அச்சத்தைக் காட்டி முழுக் காணிக்கும் ஒரே வீதத்தில் விலை குறைக்கும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது. எங்கள் சித்தியின் காணியில் மரங்களைப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற வனவள அலுவலர் ஒருவர், ஒவ்வொரு தேக்கையும் நான்கு பக்கமும் சுற்றி வந்து, பட்டையில் பழைய காயம் மூடி உதடுபோல் தடித்திருக்கும் இடங்களைக் கையால் தடவிக் காட்டினார். அப்படிப்பட்ட வடு உள்ள மரங்களுக்குச் சிவப்பு மையால் குறியிட்டார். முன்பே முறிந்து விழுந்த ஒரு கிளையின் வெட்டுமுகத்தில் நீலங்கலந்த கறுப்பாய் ஒரு கறை ஓடியிருந்தது. இரும்பு கிடந்த இடத்தைச் சுற்றி மரம் அப்படித்தான் கறுக்கும் என்று சொல்லி, அந்த மரத்தை விலைக் கணக்கிலிருந்தே நீக்கி விறகுக்கு எழுதினார். குறியிடப்பட்டவை சிலவே. மற்றவற்றுக்கு "செல் கழிவு" கேட்க அதன்பிறகு யாருக்கும் வாய் வரவில்லை. அவருக்குக் கொடுத்த கூலி அந்த ஒரு காலைப்பொழுதிலேயே தீர்ந்துவிட்டது என்பது என் கணிப்பு.

அளவு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கசியும் இடம் அதுதான். நம் மரக்காலைகளில் குற்றியின் கன அடி பார்க்க வழங்கிவரும் முறை, குற்றியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் எடுத்துப் பெருக்கி, 144ஆல் வகுப்பதாகும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எட்வேர்ட் ஹொப்பஸ் என்பவர் அட்டவணைகளாக வெளியிட்ட கணக்கு இது. பிரித்தானியர் ஆண்ட நாடுகள் பலவற்றில் பரவியது. நடுச்சுற்று 48 அங்குலமும் நீளம் 10 அடியும் உள்ள குற்றிக்கு இந்தக் கணக்கில் சரியாக 10 கன அடி வரும். வட்டத்தின் பரப்பைக் கொண்டு உள்ளபடி கணித்தால் அதே குற்றியில் 12.7 கன அடி மரம் இருக்கிறது. அதாவது நூற்றுக்கு இருபத்தொன்றுக்குச் சற்று மேல் கணக்கில் வராமலே போகிறது. குற்றியைச் சதுரமாக அரியும்போது வீணாகும் மரத்துக்கான கழிவு என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். இரண்டு பக்கமும் இதே முறையில் விலையையும் பேசினால் இதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒரு விலையை ஒரு முறையில் கேட்டுவந்து, இன்னொரு முறையில் அளந்த மரத்துக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் ஏமாற்றத்துக்கு வழி.

உண்மையான கசிவு இந்தக் கணக்குக்கு மேலே வைக்கப்படும் சின்னச் சின்னக் கழிவுகளில் இருக்கிறது. "பட்டைக்கு" என்று சொல்லிச் சுற்றளவில் 4 அங்குலம் கழித்தால், 48 என்பது 44 ஆகும். 10 கன அடி 8.4 ஆகிவிடும். சுற்றளவில் கழித்தது நூற்றுக்கு எட்டுத்தான். மரத்தில் குறைந்தது நூற்றுக்குப் பதினாறு. சுற்றளவு தன்னாலேயே பெருக்கப்படுவதால் வரும் விளைவு இது. மேடையில் நின்று கணக்கைச் சொல்லிக் காட்டினாலும் பலருக்கு நம்பிக்கை வராது. அதோடு 10 அடி 9 அங்குல நீளமுள்ள குற்றியைப் "பத்தடி" என்று எழுதினால், 10.75 கன அடி என்று எழுதப்படவேண்டிய குற்றி 8.4 என்று எழுதப்படுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நாடா சற்று இறுகியது, நீளம் முழு அடிக்குக் குறைந்தது, அவ்வளவே. மெல்லிய பட்டையுள்ள தேக்குக்கு எவ்வளவு கழிப்பது நியாயம், தடித்த பட்டையுள்ள வேம்புக்கு எவ்வளவு என்பதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் இந்தப் பேச்சு வேறு விதமாகப் போகும்.

நிற்கும் மரத்தை அளப்பது இன்னும் நுணுக்கமானது. நெஞ்சளவு உயரத்தில், அதாவது நிலத்திலிருந்து ஏறத்தாழ நாலரை அடியில் நாடாவைச் சுற்றுகிறோம். மேலே போகப் போக மரம் மெலிகிறது. கீழே 48 அங்குலம் காட்டும் மரத்தின் அடிமரத்து நடுப்பகுதி 40 அங்குலமாக இருக்கலாம். அதனால் நெஞ்சளவை அப்படியே கணக்கில் போட்டு "எனக்கு இத்தனை கன அடி இருக்கிறது" என்று வியாபாரியோடு மல்லுக்கு நிற்பவரும் தவறு செய்கிறார். நான் பார்த்த அந்த அலுவலர் எந்த மரத்துக்கும் ஒற்றை எண் எழுதவில்லை. இதற்குக் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதினார். சித்தி அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒரு கணக்கைச் சொல்லுங்கோவன்" என்றா. "பிள்ளை, ஒரு கணக்குச் சொல்லுறவன் உம்மை ஏமாத்துறான், இல்லாட்டித் தன்னை ஏமாத்துறான்" என்றார் அவர். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர்களுக்கு அந்தப் பேச்சில் ஒரு சோதனை இருக்கிறது.

அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. தனியார் காடு வைத்திருப்பவர்களுக்காக வேலை செய்யும் வனவியல் ஆலோசகர்கள் 1948இலேயே தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். விற்கவேண்டிய மரங்களுக்கு மையால் குறியிடுவது, அளந்து கணக்கெடுப்பது, வாங்கக்கூடியவர்களுக்கு அறிவித்தல் அனுப்பி மூடிய உறையில் விலை கேட்பது, ஒப்பந்தம் எழுதுவது, வெட்டும்போது வந்து பார்ப்பது என்று முழு வேலையையும் அவர்கள் செய்கிறார்கள். விற்பனையில் ஒரு வீதத்தையோ நாட்கூலியையோ பெறுகிறார்கள். அங்கே பல ஏக்கர் காடு ஒருவர் கையில் இருக்கிறது. இங்கே வீட்டுக்காணியில் நிற்கும் இருபது முப்பது மரங்களும், வேலியோரத்து வேம்பும், எப்போதாவது ஒரு முதிரையும் பாலையுந்தான் பேச்சு. அந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட முடியாது. ஆயினும் அதன் ஒழுங்கு கவனிக்கத்தக்கது: அளப்பு முதலில், விலை பிறகு, விலை பலரிடம், ஒப்பந்தம் எழுத்தில்.

மூடிய உறை விலைமனு நம் ஊரில் சரிவருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒரு பிரதேசத்தில் மரம் எடுப்பவர்கள் சிலரே. அவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு தேநீர்க்கடையில் பேசி முடித்துவிட்டு மூன்று உறைகளில் மூன்று குறைந்த விலைகளை வைத்துவிட்டுப் போகலாம். வவுனியாவில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ ஒருவரைக் கொண்டுவந்து காட்டினால்தான் அந்தக் கூட்டு உடையும். நல்ல ஆலோசகரின் கைபேசியில் இருக்கும் அந்த வெளியூர்த் தொடர்புகளுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அரச மரக் கூட்டுத்தாபனம் தன் குற்றிகளுக்கு இன வாரியாகவும் சுற்றளவு வகுப்பு வாரியாகவும் விலை வைத்திருக்கிறது. நம் காணியில் நிற்கும் மரத்துக்கு அந்த விலையை யாரும் தரப்போவதில்லை, ஏனெனில் வெட்டு, ஏற்று, லொறி எல்லாம் வாங்குபவர் செலவு. இருந்தாலும் பேச்சைத் தொடங்க ஒரு தரை அங்கே கிடைக்கிறது.

அந்த விலைப்பட்டியலை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். சுற்றளவு கூடக்கூடக் கன அடி ஒன்றின் விலையே கூடுகிறது. 36 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள குற்றியில் ஹொப்பஸ் கணக்கில் 5.6 கன அடி இருக்கிறது. அதே மரம் 48 அங்குலத்துக்கு வளர்ந்தால் 10 கன அடி. மரமும் கூடுகிறது, ஒவ்வொரு கன அடியின் விலையும் கூடுகிறது. வைரம் (உள்ளிருக்கும் முற்றிய மரம்) குறைந்து வெளிறு (வெளிப்புற இளமரம்) கூடிய இளந்தேக்கை அவசரத்துக்கு விற்பவர், இந்த இரட்டை வளர்ச்சியை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதை இல்லாமலே செய்துவிடுகிறார். நெருக்கமாக வைத்த தேக்கில் மெலிந்ததையும் கோணலையும் எடுத்துவிட்டு நல்லதை நிறுத்தினால், நிற்பது விரைந்து பருக்கும் என்பது தோட்ட வனவியலின் அடிப்படைப் பாடம். வியாபாரிக்கு நேர்மாறாக, நல்ல மரம்தான் இன்று வேண்டும்; மெலிந்ததை அவர் தொடவும் மாட்டார்.

ஆலோசகருக்கு எப்படிக் கூலி கொடுப்பது என்ற கேள்வி இங்கேதான் கனம் பெறுகிறது. விற்பனைத் தொகையில் வீதம் பெறுபவருக்கு விற்பனை நடக்கவேண்டும், இன்றே நடக்கவேண்டும், கூடுதலாக நடக்கவேண்டும். அவர் வாயிலிருந்து "இன்னும் எட்டு வருசம் விடுங்கோ" என்ற சொல் வருவது கடினம். வீதம் என்பதற்கு எளிய கணக்கொன்றும் உண்டு. வியாபாரி நூறு ரூபாவுக்குக் கேட்ட இடத்தில் பத்து வீதம் பெறும் ஆலோசகரை அமர்த்தினால், விலை நூற்றுப்பதினொரு ரூபாவைத் தாண்டினால்தான் உங்கள் கைக்கு ஒரு சதமாவது கூட வரும். நாட்கூலியும் போக்குவரத்தும் என்று பேசி, அளந்து எழுதிய கணக்கைக் கையில் தந்தவுடன் கொடுத்து முடிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அவர் வியாபாரியிடமும் தரகு வாங்குபவரா என்பதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் வாங்குவது நம் ஊரில் வீட்டுத் தரகிலும் காணித் தரகிலும் வழமைதான். அதைச் செய்பவரைத் தரகர் என்று வைத்துக்கொள்வதில் பிழையில்லை, ஆலோசகர் என்று வைத்துக்கொண்டால்தான் பிழை.

யாரை அமர்த்துவது? நுவரெலியாவில் உள்ள வனவியல் கல்லூரியில் பயின்று, வனவளத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்த இளைஞர்கள் சிலர் வேறு வேலைகளில் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு தேக்கையும் முதிரையையும் இழைத்த மூத்த தச்சர் ஒருவர், கன அடிக் கணக்கில் தடுமாறினாலும், மரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பட்டம் பெற்றவரைவிடக் கூடுதலாகச் சொல்லக்கூடும். சேவையில் இருக்கும் அலுவலரை மட்டும் இதற்கு அழைக்கக்கூடாது. நாளை உங்கள் விண்ணப்பத்தைப் பரிசோதித்துக் கையொப்பமிட வேண்டியவர் இன்று உங்களிடம் கூலி வாங்குவது இருவருக்குமே நல்லதன்று.

கடதாசி வேலை பலரை அச்சுறுத்துகிறது; உண்மையில் தரகரிடம் பலர் சரணடைவது விலைக்காக அன்று, அலைச்சலுக்குப் பயந்துதான். தேக்கு, முதிரை போன்ற மரங்களை ஏற்றிச் செல்ல வனவளத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதி வேண்டும். காணி உரித்துக்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பிரதேச செயலகமும் நடுவில் வரும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சொந்தக் காணியென்றாலும் அனுமதி வேண்டும். வன்னியில் மக்கள் கையிலுள்ள காணி பல இடங்களில் உறுதிக்காணி அன்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அந்தக் காணியில் மரம் வெட்டுமுன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்டறிவது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. இவற்றையெல்லாம் "நாங்கள் பார்த்துக்கொள்ளுறம், நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ" என்று வாங்குபவர் சொல்லும்போது பெரிய சுமை இறங்கியதுபோல் இருக்கும்.

அந்தக் கையொப்பத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி சேகரிக்கப்போன இரண்டு ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டது நாடறிந்த செய்தி. காட்டில் களவாக வெட்டப்பட்ட மரத்துக்கு ஒரு கடதாசி தேவை. தனியார் காணியின் பெயரில் எடுத்த அனுமதி அதற்குக் கையில் கிடைத்த வரம். உங்கள் காணியில் பத்து மரம் வெட்டி, விண்ணப்பத்தில் பதினெட்டு என்று எழுதினால், மீதி எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படும்போது பெயர் உங்களுடையதாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வெற்று விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, பின்னர் விசாரணைக்கு அலைந்தது. அவர்களிடம் மரம் எடுத்தவர் அந்த வேளையில் தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டு, சுற்றளவோடு ஒரு பட்டியல் எழுதி, வெட்டிய பின் அடிக்கட்டையிலும் அதே இலக்கம் நிற்கும்படி செய்து, அந்தப் பட்டியலின் பிரதியை விண்ணப்பத்தோடு கொடுத்தவருக்கு இந்தத் தலைவலி வராது. ஆலோசகர் செய்யும் வேலைகளில் மிக எளியது இது. ஆனால் எனக்கு மிகப் பெறுமதியாகத் தெரிவதும் இதுதான்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு மரம் விற்பவர்களுக்கு நான் தயக்கமின்றிச் சொல்வேன்: ஆலோசகர் இல்லாமல் விற்கவேண்டாம். அற்றோணித் தத்துவம் கொடுத்த மைத்துனர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கும் அளவு தெரியாது. விலை குறைந்துபோனால் பழி அவர்மேல் விழும். பிறகு மரத்தோடு உறவும் போகும். வெளியார் ஒருவர் அளந்து, படத்தோடு எழுதி அனுப்பிய கணக்கு இருந்தால் அந்த மைத்துனருக்கும் அது காப்பு.

இனி மறுபக்கம். நாலைந்து வேம்பும் ஒரு மலைவேம்பும் விற்பவருக்கு ஆலோசகர் வேண்டியதில்லை. கூலியே விலையைத் தின்றுவிடும். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் மேலே சொன்ன கணக்கைப் பத்து நிமிடத்தில் பழகி, தையல் நாடாவால் அளந்து எழுதிவிடும். வாங்குபவர் அயலவராக இருந்து, வயல் உழவுக்கும் அவசரத்துக்கும் வந்து நிற்பவராக இருந்தால், கடைசி ரூபா வரைக்கும் பேரம் பேசுவதால் இழப்பது கூடுதலாக இருக்கலாம் என்று சொல்பவர்களையும் நான் மதிக்கிறேன். "அளக்க ஆளைக் கொண்டுவந்தால் வியாபாரி வரமாட்டான்" என்ற பயம்தான் எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. அளந்த மரத்தைக் கண்டு ஓடும் வியாபாரி, அளக்காத மரத்தில் என்ன கண்டார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் நம் ஊருக்கு வேண்டியவை சில உண்டு. வேறு இடத்துப் படிவங்களில் அவை இராது. மாரி தொடங்கிய பின் லொறி காணிக்குள் இறங்கக்கூடாது; ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நனைந்த மண்ணில் ஒரு லொறி புதைந்தால் அதை இழுக்க வரும் உழவு இயந்திரம் வரம்பையும் வாய்க்காலையும் சேர்த்து இழுத்துப்போகும். விழும் மரம் கிணற்றுக் கட்டிலோ அயலவர் வேலியிலோ பட்டால் யார் திருத்துவது என்று எழுத வேண்டும். அடிக்கட்டையை எவ்வளவு உயரத்தில் விடுவது என்பது சிறிய விடயமாகத் தோன்றும். மரத்தின் மிகப் பருத்த பகுதி அதுதான் என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது. கொப்பும் விறகும் யாருக்கு என்பதும் எழுதப்படவேண்டும், ஏனெனில் கடைசி நாள் சண்டை பெரும்பாலும் அதில்தான் வரும். பணம் முழுவதும் கைக்கு வராமல் கடைசி லொறி படலையைத் தாண்டக்கூடாது.

சித்தியின் காணியில் முடிவு இப்படி அமைந்தது. அலுவலர் கொடுத்த பட்டியலில் ஏறத்தாழப் பாதி மரங்களுக்கே "வெட்டலாம்" என்று எழுதியிருந்தார். மற்றவற்றை இன்னும் எட்டு ஆண்டு விடச் சொன்னார். முல்லைத்தீவில் ஒருவரிடமும் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடமும் அதே பட்டியலைக் காட்டி விலை கேட்டோம். முதலில் வந்த வியாபாரி முழுக் காணிக்கும் சொன்ன தொகைக்குச் சற்றுக் குறைவான ஒன்று, அந்தப் பாதிக்கே கிடைத்தது. எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கனடாவில் உள்ள சித்தியின் மகனுக்கு மீதியையும் விற்றிருக்கலாம் என்ற மனக்குறை இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு ஓடு போடக் காசு போதவில்லை என்பதும் உண்மை. மரம் நிற்கும் வரைக்கும் புயலுக்கும் தீக்கும் கள்வருக்கும் அது திறந்தே நிற்கிறது. எட்டு ஆண்டு பொறுக்கச் சொன்னவர் அந்த எட்டு ஆண்டுக்கான காவலுக்குக் கூலி தரப்போவதில்லை என்று மகன் சொன்னதற்கு என்னிடம் நேரான மறுமொழி இல்லை.

தனித்தனியாக ஆலோசகரை அமர்த்த முடியாத சிறு காணிக்காரருக்கு, ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் கமக்காரர் அமைப்பே ஒரு வழியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். உரமானியத்துக்கும் வாய்க்கால் துப்புரவுக்கும் கூடும் அந்த அமைப்பு, ஆண்டில் ஒரு தடவை, மாரி ஓய்ந்து நிலம் காய்ந்ததும் ஓர் ஓய்வுபெற்ற அலுவலரை அழைத்து, விற்க விரும்பும் ஏழெட்டு வீட்டாரின் மரங்களை ஒரே கிழமையில் அளந்து ஒரே பட்டியலாக்கலாம். கூலி பங்கிடப்படும், ஒரு லொறிக்குப் போதாத மரம் சேர்ந்து இரண்டு லொறியாகும், தூரத்து மரக்காலைக்காரருக்கும் ஒட்டுசுட்டான் வரைக்கும் வந்துபோவது கட்டுபடியாகும். அமைப்பின் தலைவரே மரத் தரகராகவும் இருக்கும் ஊர்களில் இது நடக்காது. மற்ற ஊர்களில், வரும் மாசி பங்குனிக்குள் ஒரு கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுத்துப் பார்க்கலாம்.